மூடி வைத்த கழுத்தின் நிறம்

ஊசியக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தெருவில் குறைவு. நடந்து பார்த்திருப்பார்கள், ஓடிப் பார்த்திருப்பார்கள், மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவிப் பார்த்திருப்பார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்கார்வது உடம்பு மட்டும்தான்; முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வாள், டிரைவர் தன்னை மட்டும் ஏமாற்றிவிட்டுப் போய்விடுவார் என்கிற மாதிரி. டீயை ஆறவிட்டுக் குடித்த வழக்கமே கிடையாது. நாக்கு சுட்ட பிறகு, சூடாக இருக்கிறது என்று டீயைத் திட்டுவாள்.

அவளுடைய வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வருவதற்குள் கையிலிருக்கும் கண்ணாடியை இருபக்கமும் துடைத்து முடித்துவிடுவார். அவர் கடை கீழே, அவள் கடை மேலே. "தெரியணும்னா கீழ வாங்க, தெரியக் கூடாதுன்னா மேல போங்க" என்பது அவர் ஆயுசில் சொன்ன ஒரே ஜோக். வருஷக்கணக்காக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதிதாக வருகிற ஆட்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள், நாமும் என்ன செய்வது.

மேலே ஊசியக்கா செய்வது தழும்பை மறைக்கிற வேலை. பச்சை குத்துவதுதான், ஆனால் பச்சையும் இல்லை, படமும் இல்லை. தீப்பட்ட இடம், கத்தி வைத்த இடம், தையல் போட்ட இடம் என்று வெளுத்துப் போய்க் கிடக்கிற தோலில், சுற்றியிருக்கிற தோலின் நிறத்தையே ஊசியால் புள்ளி புள்ளியாக இறக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும் பாடு. தோல் என்ன சுவரா, ஒரே டப்பாவிலிருந்து எடுத்து அடிக்க? ஒரே ஆளின் முழங்கையில் ஒரு நிறம், உள்ளங்கைப் பக்கம் ஒரு நிறம். அதற்குள் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, கண்ணுக்கே அகப்படாத ஒரு நீலம். ஊசியக்கா குழல் விளக்கை அணைத்துவிடுவாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஆளை உட்காரவைத்து, குச்சியால் தொட்டுத் தொட்டு நிறம் கலப்பாள். கலந்த நிறம் தோலில் வைத்ததும் காணாமல் போக வேண்டும். காணாமல் போனால் அதுதான் சரியான நிறம்.

ஆச்சரியம் என்னவென்றால், ஊசி கையில் ஏறிவிட்டால் அவள் ஆளே மாறிவிடுவாள். முட்டி ஆடாது, மூச்சுகூட அளந்து வரும். தழும்பின் தோல் பொல்லாதது. ஓர் இடத்தில் மையைக் குடிக்கும், அடுத்த இடத்தில் துப்பும். கொஞ்சம் அழுத்தினால் பழைய புண் புதுப் புண்ணாகிவிடும். அந்த வேலையில் அவளுக்கு அவசரமே வராது. எழுந்து கையுறையைக் கழற்றியதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

புதிதாக மை வாங்கினால் முதலில் தன் இடக் கையில் ஒரு பொட்டு குத்திப் பார்ப்பாள், ஆறினால் எப்படித் திரும்புகிறது என்று. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இப்படி வரிசையாகப் பொட்டுகள். சிலது தெரியும், சிலது தெரியாது. வீட்டுக்காரர் அந்தக் கையை சாம்பிள் கார்டு என்பார். அதை ஜோக் என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

ஊரில் இருக்கிறவர்கள் தழும்பையெல்லாம் தடவிக் கொடுத்தவளுக்கு, சொந்த வீட்டில் ஒரு தழும்பு எட்டாமலே இருந்தது. அது நாத்தனாருடையது.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. ரயில் நிலையத்தில் அறிவிப்புக் கொடுக்கிறவள். எந்த வண்டி எந்த பிளாட்ஃபாரத்துக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று காலையிலிருந்து ஊருக்கே அவள் குரல்தான். நிலையத்து மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு மைக், ஒரு நாற்காலி. அவள் குரலைக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். முகத்தைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்கார்ஃப். காது மடலுக்குக் கீழே தொடங்கி, தாடையைச் சுற்றி, கழுத்தெலும்பு வரைக்கும் இறுக்கமாக, வெயிலானாலும் மழையானாலும்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஊசியக்கா அதைப் பார்த்து, மைக்கில் பேசுகிறவளல்லவா, தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் நாத்தனார் முதல் வண்டிக்கு நேரமாயிற்று என்று அறைக்கும் வாசலுக்குமாகப் பறந்துகொண்டிருந்தாள். தனக்கு ஒரு ஜோடி கிடைத்தது என்கிற சந்தோஷத்தில் புதுப்பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏன் இப்படி வெந்நீர கொட்டிக்கிட்ட மாதிரி பறக்கற?"

காலில் என்ற சொல்லைக்கூடச் சொல்லவில்லை. அந்த அவசரத்தில் அதுவும் விழுங்கப்பட்டுவிட்டது. நாம் எல்லோரும் தினம் சொல்கிற வார்த்தைதான், அவசரக்காரர்களைப் பார்த்தால் நாக்கு தானாகச் சொல்லும். ஆனால் அந்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரம் சரிந்து, கீழே உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கழுத்தில் கொட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. புதுப்பெண் சொன்னதைக் கேட்டதும் மாமியார் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். நாத்தனார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அதற்குமுன் வாய்க்கு வாய் அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். அன்றோடு சரி. அப்புறம் 'அவங்க' வந்தது, 'உங்க வீட்ல சொல்லுங்க' வந்தது, நேருக்கு நேர் நின்றால் 'இங்க பாருங்க' வந்தது. அண்ணி மட்டும் வரவில்லை. ஊசியக்கா அழுது மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்று பதில் வந்தது. அந்தப் பரவாயில்லையைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

இதற்காகத்தான் அவள் தழும்பு வேலையைக் கற்றுக்கொண்டாள் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். அது உண்மையில்லை. முன்பெல்லாம் அவள் கடையில் தேளும் இதயமும் காதலி பெயரும்தான். ஆபரேஷன் தழும்பின்மேல் பூக்கொடி போட வந்த ஒருத்தி, பாதியில் அழுது, எனக்குப் பூ வேண்டாம், என் வயிறுதான் வேண்டும் என்றாள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது. ஆனால் கற்றுக்கொண்டதிலிருந்து ஒவ்வொரு தழும்பை முடிக்கும்போதும், இது நாத்தனார் கழுத்தாக இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்து குறுகுறுக்கும். வா, போட்டுவிடுகிறேன் என்று கூப்பிடத் தைரியம் இல்லை. கூப்பிட்டால் இன்னொரு முறை வெந்நீர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

அப்படியே போயிருக்கும். ரயில் நிலையத்தார் புண்ணியத்தில் போகவில்லை. நாத்தனாரை அழைத்து, எல்லா ஊர்ப் பெயரையும், எல்லா எண்ணையும், தாமதம், ரத்து, மன்னிக்கவும் எல்லாவற்றையும் மைக்கில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். துண்டு துண்டாக வெட்டி மிஷினே ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு, உன் குரல் போதும், நீ வேண்டாம் என்று நாகரிகமாகச் சொல்லி, கீழே புதிதாகக் கட்டுகிற விசாரணை கவுண்ட்டருக்கு மாற்றினார்கள். மிஷின் மக்கர் பண்ணினால் பேச மேஜைமேல் ஒரு மைக், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எதிரே ஊரே வரிசையில்.

வீட்டுக்காரர் இதைச் சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டு, "அவளுக்கு ஸ்கார்ஃப் கட்ட அனுமதி இல்லையாம், யூனிஃபார்ம்" என்றார். அதற்கப்புறம் தண்ணீர் குடித்தார். அதற்கப்புறம்தான், "உன்கிட்ட வரட்டுமான்னு கேக்கறா" என்றார். ஊசியக்கா தட்டோடு எழுந்துவிட்டாள்.

நாத்தனார் மாடியேறி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்து, "இங்க பாருங்க, முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லுங்க, பரிதாபப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். ஊசியக்கா அந்தக் கழுத்தை முதல்முறையாகப் பார்த்தாள். பழைய தழும்பு, மேடு அதிகமில்லை, பாலாடை மாதிரி வெளுத்திருந்தது. அதன்மேல் மை குத்தலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். நிறம் மறையும், தடவினால் கையில் தட்டுப்படத்தான் செய்யும் என்று ஊசியக்கா உள்ளதைச் சொன்னாள். கவுண்ட்டரில் யாரும் தடவ மாட்டார்கள் என்றாள் நாத்தனார். அது கோபமா கேலியா என்று புரியாமல் ஊசியக்கா மையைக் கலக்க ஆரம்பித்தாள்.

குழல் விளக்கை அணைத்தாள். தழும்பு முடிகிற இடத்தில், நல்ல தோலின்மேல் குச்சியால் தொட்டாள். மஞ்சள் தூக்கல். இன்னொரு தொடல், கொஞ்சம் சிவப்பு. நாலாவது தொட்டதும் நிறம் தோலுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு குத்தி அனுப்பினாள். ஆறி, உரிந்து, உண்மை நிறம் வெளியே வர ஒரு மாதத்துக்கு மேலாகும். அதுவரை எதுவும் செய்யக் கூடாது.

அந்த ஒரு மாதம் வீட்டுக்காரர் பட்ட பாடு இருக்கிறதே, அவர் கடைக்கு வந்தவர்களே சாட்சி. மேலே தலைக்குமேல் தடதடவென்று நடை. ஓயவே ஓயாது. வாடிக்கையாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து தெரிகிறது, ஆனால் ஆடுகிறது என்பார். எழுத்து ஆடவில்லை, கூரைதான் ஆடுகிறது என்று இவர் சமாதானம் சொல்வார். பொட்டு எப்படி இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்கத் தைரியமில்லாமல், ஊசியக்கா வீட்டுக்காரரை, இப்போது தனியாக இருக்கிற தங்கை வீட்டுக்குத் துரத்துவாள். அவர் போய்விட்டு வந்து, "இருக்கு" என்பார். எப்படி இருக்கு என்றால், "எங்க இருக்குன்னு தெரியல" என்பார். கண்ணாடிக் கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் அது நல்ல செய்திதானே.

நல்ல செய்திதான். பொட்டு அப்படியே தோலோடு தோலாகப் போயிருந்தது. ஊசியக்கா வேலையைத் தொடங்கினாள். நாத்தனார் தலையைச் சாய்த்துக்கொள்வாள், ஊசியக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அரிசி முனைகூட இல்லாத புள்ளிகள், ஒன்று கெட்டியாக, ஒன்று லேசாக, நடுவில் ஒரு மச்சம் மாதிரிகூட ஒன்று. எல்லாம் ஒரே சீராக இருந்தால் பொய் தெரிந்துவிடும். ஒருத்தி கழுத்தை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது பேச என்ன இருக்கிறது. மூன்று தடவை இப்படி. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் மறுபடி காத்திருப்பு, மறுபடி தடதட நடை. ரயில் நிலையத்தில் கவுண்ட்டர் கட்டி முடிக்கத் தாமதமானது நல்லதாகப் போயிற்று. ரயில்காரர்கள் அல்லவா, தாமதம் அவர்களுக்குக் கைவந்த கலை.

கடைசியாக ஆறிய பிறகு நாத்தனார் கண்ணாடி முன் நின்றாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். தழும்பைத் தேடினாள், ஆமாம், தேடினாள். பிறகு வேகமாக இறங்கிப் போய்விட்டாள். கீழே வீட்டுக்காரரின் கடை மேஜைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அவள் அழுததாக அவர் சொன்னார். ஸ்கார்ஃப் மேலே நாற்காலியிலேயே கிடந்தது. ஊசியக்கா அதைத் துவைத்து, மடித்து, மேஜை இழுப்பறையில் வைத்தாள். கேட்டால் கொடுக்கலாம் என்று. நாத்தனார் கேட்கவே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருப்பேன்.

வெயில் காலம் வந்தது. ஒரு நாள் ஊசியக்கா பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வழக்கம்போல் ஒரு நிறுத்தம் முன்னாடியே. ஜன்னல் வழியாக வெயில் இடக் கையில் விழுந்தது. கை நன்றாகக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில், எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பொட்டுகள் எல்லாம் வெளுப்பாக, ஒன்றுவிடாமல் எழுந்து நின்றன. இதொன்றும் புதிதில்லை, வருஷா வருஷம் நடக்கிறதுதான். தோல் வெயிலில் கறுக்கும், உள்ளே இறக்கிய மை கறுக்காது. அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் வெயிலில் போகாதீர்கள், போனால் கிரீம் தடவுங்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லி அனுப்புவாள்.

நாத்தனாரிடம் சொன்னோமா?

சொல்லவில்லை. ஸ்கார்ஃப் கட்டுகிற கழுத்துக்கு எதற்கு வெயில் கிரீம் என்று மனசு பாட்டுக்கு விட்டுவிட்டது. ஸ்கார்ஃபை அவிழ்க்கத்தானே இவ்வளவும் செய்தோம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து துணிக்குள்ளேயே கிடந்த கழுத்து அது. வெயிலே படாத தோல். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம், கழுத்து மட்டும் தனியாக வெளுத்து இருந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்தும், அந்த வெளுப்புக்கே நிறம் கலந்தாள். காதுக்குப் பின்னால் வைத்த பொட்டும் ஸ்கார்ஃபுக்குள்ளேயே ஆறியது, பொருந்தாமல் என்ன செய்யும்? மூடி வைத்த கழுத்துக்கு நிறம் பார்த்து, திறந்த கழுத்தோடு அனுப்பிவிட்டாள். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு, இதைவிட முட்டாள்தனம் உண்டா. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுண்ட்டர் மேற்குப் பார்த்தது என்று வீட்டுக்காரர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. சாயங்கால வெயில் முழுக்கக் கண்ணாடி வழியாக அந்தக் கழுத்தில்தான் விழும். கழுத்து கறுக்கக் கறுக்க, தழும்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்தெலும்பு வரைக்கும், அதே இடம், அதே வடிவம். ஊரே வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. அன்று வாயால் கொட்டிய வெந்நீர் போதாது என்று, இப்போது ஊசியால் மெல்ல மெல்ல கொட்டியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. நாத்தனாரிடமிருந்து போன் இல்லை, ஆள் இல்லை, திட்டு இல்லை. திட்டினாலாவது தேவலை. ஸ்கார்ஃபை எடுத்துப் பார்ப்பாள், மடித்து வைப்பாள், மறுபடி எடுப்பாள். வேலையில்கூடக் கை பழைய மாதிரி அமரவில்லை. வந்திருந்த ஒருவரிடம், இன்று வேண்டாம், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

வீட்டுக்காரர் இதையெல்லாம் கவனித்தார். ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார். பிறகு சொன்னார்: "இங்க நடக்கறத ஸ்டேஷன் வரைக்கும் நடந்தா, போயே சேர்ந்துடலாம்."

ஊசியக்கா ஸ்கார்ஃபைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும் தலைக்குமேல் நாத்தனார் குரல். வண்டி தாமதமாக வருகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றது. மிஷின் ஒட்டியதுதான், 'வருந்துகிறோம்' கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. ஊசியக்கா ஒரு தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். விசாரணை கவுண்ட்டரில் நாத்தனார். யூனிஃபார்ம், கட்டிய கூந்தல், கழுத்து வெறுமையாக. வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. முகமும் கழுத்தும் ஒரே சீராகக் கறுத்திருந்தன. நடுவில் அந்த வெளுப்பு. பழைய தழும்பு அளவுக்கு இல்லைதான், ஆனால் தெரிந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது. வரிசையில் நின்ற ஒரு ஆள் பதிலைக் கேட்டுக்கொண்டே கழுத்தைப் பார்த்ததை ஊசியக்கா பார்த்தாள். அவன் கண்ணைப் பிடுங்கலாம் போலிருந்தது. தன் கையை வெட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அவள் வரிசையில் நின்றாள். வரிசையில் நிற்பது அவளுக்கு ஜென்ம தண்டனை. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், ஒரே வண்டியைப் பற்றி நாலு விதமாகக் கேட்டார். நாத்தனார் நாலு தடவையும் பொறுமையாகச் சொன்னாள். ஊசியக்கா கால் மாற்றி, தோள் மாற்றி, பையைக் கை மாற்றி, ஒருவழியாகக் கண்ணாடி முன் வந்து நின்றாள்.

நாத்தனார் நிமிர்ந்தாள். "எந்த வண்டி?" என்றாள்.

ஊசியக்கா கண்ணாடியிலிருந்த ஓட்டைக்குக் குனிந்தாள். மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "என் தப்பு. மூடியிருந்த கழுத்துக்குக் கலர் பார்த்துட்டேன். வெயில் படும்னு யோசிக்கல" என்றாள்.

"பார்த்தேன். எங்க வீட்லயும் கண்ணாடி இருக்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஓடி வருவீங்க."

நீ வரவே வேண்டாம் என்கிறாள் என்று ஊசியக்கா எடுத்துக்கொண்டாள். என்ன செய்ய முடியும் என்பதைக் கடகடவென்று ஒப்பித்தாள். கழுத்து இன்னும் கறுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அது ஒரு நிறத்தில் வந்து நிற்கட்டும், பிறகு அதற்குப் பொருத்தமாக மேலே இன்னொரு தடவை போட்டுத் தருகிறேன், இல்லையென்றால் மறுபடி மூடிக்கொண்டால் தோல் வெளுத்துப் பழையபடி பொருந்திவிடும், இரண்டில் உனக்கு எது வேண்டுமோ அது, அதுவரைக்கும்... ஸ்கார்ஃபைச் சுருட்டி, கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியில் தள்ளினாள். மேலதிகாரியிடம் கேட்டால் கட்டிக்கொள்ள விடமாட்டார்களா என்று முணுமுணுத்தாள்.

நாத்தனார் ஸ்கார்ஃபைப் பார்த்தாள். ரொம்ப நாள் பழகிய ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள். பிறகு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பின்னால் நின்றவர், வண்டி போய்விடும் அம்மா, நகருங்கள் என்றார். நாத்தனார் அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான். எடுத்துக்கொண்டாள், கட்டிக்கொள்ளப் போகிறாள். ஊசியக்கா திரும்பி நடந்தாள். நடையா அது, ஓட்டம். பெட்டிகள், தள்ளுவண்டிகள், படுத்திருந்தவர்களின் கால்கள் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு வெளிவாசலைப் பார்த்து ஓடினாள். அழுகை வருவதற்குள் வெளியே போய்விட வேண்டும். மறுபடி துணிக்குள் போகப் போகிறாள். யூனிஃபார்ம் விடவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போகப் போகிறாள். நான்தான் அனுப்பினேன் என்றது அவள் மனசு.

தலைக்குமேல் மணி அடித்தது. பிறகு அந்தக் குரல்.

"பயணிகள் கவனத்திற்கு."

ஊசியக்கா நிற்கவில்லை. நாள் முழுக்கச் சொல்கிற மிஷின்தானே.

"காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வெளிவாசல் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும் அண்ணி அவர்கள், தயவுசெய்து அங்கேயே நிற்கவும். விசாரணைப் பிரிவில் உங்கள் நாத்தனார் இன்னும் பேசி முடிக்கவில்லை."

நிலையத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் யார் அந்த அண்ணி என்று திரும்பிப் பார்த்தார்கள். அது யாரென்று கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருந்திருக்காது. வாசலுக்கு நட்டநடுவில் ஒரு பொம்பளை, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கவுண்ட்டருக்குள் நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஸ்கார்ஃபைப் பந்தாகச் சுருட்டி, முன்னால் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் துடைக்கிற மாதிரியே, வாயால் ஊதி, வட்டம் வட்டமாக. சாயங்கால வெயில் கழுத்தில் விழுந்தது. வெளுத்த இடம் நன்றாகத் தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் துடைத்து முடிக்கும்வரை கழுத்தைத் திருப்பவில்லை.

அப்புறம் கையைக் காட்டிப் பக்கத்திலிருந்த பெஞ்சைச் சுட்டினாள். டூட்டி முடிய இன்னும் நேரமிருக்கிறது, உட்காருங்கள் என்று அர்த்தம். ஊசியக்கா போய் உட்கார்ந்தாள்.